மூன்றாம் தலைமுறை வட்டம்

விண்ணப்பப் படிவமான போராங் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தபோது வெண்டி அதைப் பிரிக்காமலேயே மேசைமேல் வைத்துவிட்டுப் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தாள். கோபம் வந்தால் கை கழுவுவது அவள் வழக்கம். நீரிழிவுக் கிளினிக்கில் ஒரு தாதி எத்தனை முறை கை கழுவினாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

திரும்பி வந்து உறையைக் கிழித்தாள். கோலாலம்பூரில் மரபணுச் சோதனைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குழு இரண்டே வரியில் எழுதியிருந்தது. நோயாளியின் தந்தைவழிப் பாட்டன், பாட்டி இருவருக்கும் நோய் இல்லையென்றால் இதை வம்சத்தில் வரும் நோயாக எப்படிக் கருதுவது? வெள்ளிக்கிழமைக்குள் தெளிவுபடுத்தாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும்.

அன்று புதன்கிழமை.

"அந்தோணியாரே, காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுக் குடுப்பீரே, இந்தக் குடும்பத்தோட தலையையும் வாலையும் கொஞ்சம் கண்டுபிடிச்சுக் குடும்" என்று முணுமுணுத்தாள்.

நோயாளியின் பெயர் தினேஸ்வரி. வயது இருபத்திரண்டு. பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். சின்ன வயது, ஒல்லி உடம்பு, ஏறிக் கிடந்த சர்க்கரை. இவ்வளவையும் பார்த்தவர்கள், கணையம் செத்துப்போய்விட்டது என்று முடிவு கட்டி இன்சுலினில் போட்டுவிட்டார்கள். ஒரு நாளைக்கு நான்கு ஊசி. ஆறு வருடமாக நான்கு ஊசி. ஈப்போவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அங்கே இரண்டு முறை சர்க்கரை திடீரென்று இறங்கி விழுந்தாள். இரண்டாவது முறை, போன வாரம்தான், நெற்றி இயந்திரத்தின் விளிம்பில் பட்டு மூன்று தையல். இன்னொரு முறை விழுந்தால் வேலைக்கு வரவேண்டாம் என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள்.

கிளினிக்குக்குப் புதிதாக வந்த டாக்டருக்குத்தான் சந்தேகம் வந்தது. ஆறு வருடம் ஆகியும் இந்தப் பெண்ணின் கணையம் கொஞ்சம் இன்சுலின் சுரந்துகொண்டே இருக்கிறதே, செத்த கணையம் எப்படிச் சுரக்கும் என்று கேட்டார். அதோடு, அவளுடைய அப்பா ராஜுவுக்கும் இருபத்தாறு வயதிலேயே இனிப்புநீர் என்கிற நீரிழிவு வந்திருந்தது. அவரும் ஒல்லி. அவர் அரை மாத்திரை போட்டுக்கொண்டு அன்றிலிருந்து இன்றுவரை தொழிற்சாலை பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்.

டாக்டர் சொன்னதை அப்பாவுக்கும் மகளுக்கும் விளக்கும் வேலை வெண்டிக்கு வந்தது. கணையத்துச் செல்லுக்குள்ளே மரபணுக்களை எழுப்பிவிடுகிற புரதங்கள் உண்டு. தமிழில் அவற்றுக்குப் படியெடுப்புக் காரணி என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் ராஜு அப்போதே எழுந்து போயிருப்பார். வெண்டி, அவர் வளர்ந்த ரப்பர் தோட்டத்தின் வழியில் போனாள்.

"அண்ணே, தோட்டத்துல காலையில பெரட்டு நடக்குமில்ல? மண்டோர் பேர் வாசிப்பாரு, நீ அந்த நெரை, நீ இந்த நெரைன்னு அனுப்புவாரு."

"ஆமா. அஞ்சரை மணிக்கு."

"கணையத்துலயும் அப்படித்தான். சாப்பிட்டதும் ரத்தத்துல சர்க்கரை ஏறுது. அந்தச் சேதி செல்லு வாசல்ல இருந்து உள்ளாற போகணும். ஒருத்தர் கையில இருந்து இன்னொருத்தர் கைக்கு மாறி மாறிப் போகும். கடைசி ஆளு கதவத் தொறந்தாத்தான் இன்சுலின் வெளிய வரும். அந்த ஆளுங்க எல்லாரையும் வேலைக்குக் கூப்பிடறது ஒரு மண்டோர். எச்.என்.எஃப். ஒன் ஏன்னு பேரு. உங்க மகளுக்கு அந்த மண்டோரோட குரல் பாதிதான் வருதுன்னு டாக்டர் நினைக்கிறாரு."

"அப்ப ஆளுங்க இருக்காங்க."

"இருக்காங்க. கூப்பிடறதுதான் சரியில்ல."

"மண்டோர மாத்தச் சொல்லுங்க மிஸி. எங்க தோட்டத்துல ஒரே மாசத்துல மூணு பேர மாத்துனாங்க."

"இந்த மண்டோர மாத்த முடியாதுண்ணே. பொறக்கும்போதே கூட வந்தவரு. ஆனா ஒரு சின்ன மாத்திரை இருக்கு. அது மண்டோர்கிட்டப் போகாது, நேரா கடைசிக் கதவுகிட்டப் போய்த் தட்டும். நீங்க போடறீங்களே, அதே மாத்திரைதான். சோதனையில உறுதியாச்சுன்னா தினேஸுக்கு ஊசியக் குறைக்கலாம், நிறுத்தக்கூட முடியலாம்."

அதுவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த தினேஸ்வரி நிமிர்ந்தாள். "நிறுத்தலாமாக்கா?" என்றாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் வெண்டி நான்கு மாதமாக இந்தக் குடும்பத்தின் பின்னால் அலைந்துகொண்டிருந்தாள்.

சோதனைக்கு இடம் குறைவு. அப்பா, மகள் இருவருக்கு இருந்தால் போதாது, மூன்று தலைமுறையில் தடம் காட்ட வேண்டும் என்றது குழு. காட்டுவதற்கு வம்சப் படம் போட வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவருக்குக் கறுப்பு.

முதல் போராங்கில் ராஜு பதினொரு பேரின் பெயரை எழுதிக் கொடுத்தார். பதினொரு பேருக்கும் இனிப்புநீர். வெண்டிக்கு அப்போது எவ்வளவு சந்தோஷம்!

"இந்த ராமையா யாருண்ணே?"

"பெரியப்பா."

"அப்பாவோட கூடப் பொறந்தவரா?"

"கூடப் பொறந்தவர் மாதிரி."

"மாதிரின்னா?"

"பக்கத்து லயத்துல இருந்தாரு லா. காலு எடுத்துட்டாங்க, பாவம்."

"ரத்த சொந்தமான்னு கேக்கறேன்."

ராஜுவின் முகம் வாடிவிட்டது. "என்னா மிஸி இப்படிக் கேக்கறீங்க? என் கல்யாணத்துல அந்த மனுசன் இருக்கிற ஒரு காலோட நின்னு பந்தி பரிமாறினாரு."

பதினொரு பேரும் பட்டியலிலிருந்து அடிபட்டார்கள். சிலிம் ரிவர் பக்கத்தில் முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது வீடமைப்புத் திட்டமாகிவிட்ட ஓர் இடத்தில், ஒரே லயத்து வரிசையில் குடியிருந்தவர்கள் அவர்கள். ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் அடுப்பு மூட்டாமல் இருந்த சொந்தம் அது. மரபணுவுக்கு அது தெரியாது.

இரண்டாவது முறை, ராஜுவைப் பெற்றவர்கள் யார் என்று மட்டும் வெண்டி கேட்டாள். அடையாள அட்டையில் உள்ளபடி அப்பா மாரிமுத்து, இறந்துவிட்டார், சர்க்கரை இல்லை. அம்மா வீரம்மா, எண்பது வயது, வீட்டிலேயே இருக்கிறார். அந்த அம்மாளின் ரத்தம் வேண்டும் என்றாள் வெண்டி. மறுநாளே வீரம்மா நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வந்து, கையை நீட்டி, "எவ்வளவு வேணுமோ எடுத்துக்க பாப்பா. என் மவனுக்குத்தானே" என்றார். சோதித்துப் பார்த்ததில் அந்த வயதுக்கு அவ்வளவு சுத்தமான ரத்தத்தை வெண்டி பார்த்ததில்லை. ஏதோ பிசகு என்று இன்னொரு தடவை கூப்பிட்டு எடுத்தாள். வீரம்மா அதற்கும் வந்தார். அதுவும் சுத்தம்.

அந்தச் சுத்தமான ரத்தம்தான் இப்போது மூன்றாவது போராங்காகத் திரும்பி வந்திருந்தது.

வேலை முடிந்ததும் வெண்டி நேரே புந்தோங்கில் ராஜு வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் நெரிசல். கொண்டு வந்த கோபம் சிவப்பு விளக்குக்குச் சிவப்பு விளக்கு வளர்ந்தது.

வீரம்மா கூடத்துத் தரையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். தினேஸ்வரி நெற்றியில் பிளாஸ்டரோடு பக்கத்தில் இருந்தாள். ராஜு, "வாங்க மிஸி, தே ஓ போடறேன்" என்று பால் கலக்காத தேநீர் போட அடுப்படிக்குப் போனார்.

வெண்டி பேனாவை எடுத்தாள். "பாட்டி, கடைசியா ஒரே ஒரு கேள்வி. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க வீட்டுக்காரர் மாரிமுத்துவுக்கு..."

"யாரு வீட்டுக்காரரு?"

"மாரிமுத்து. ராஜு அண்ணனோட..."

"அடி இவள!" நெத்திலித் தட்டு நகர்ந்தது. "மாரிமுத்து அண்ணன் எனக்கு எதிர்வீடு! கூடப் பொறக்காத அண்ணன்! என் புருசன் காளியப்பன், அதோ படத்துல மாலையோட இருக்காரு. அவரு காதுல விழுந்தா என்னா நினைப்பாரு? எண்பது வயசுல எனக்கு இந்தப் பேரு வேணுமா?"

தினேஸ்வரி சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். வெண்டி சிரிக்கவில்லை.

"அப்ப ராஜு அண்ணன் நீங்க பெத்த பிள்ளை இல்லையா?"

அடுப்படி வாசலில் ராஜு கோப்பைகளோடு நின்றார். "மிஸி, அந்தப் பேச்சு வேணாம்" என்றார்.

"நான் வாங்கின பிள்ளை" என்றார் வீரம்மா, நெத்திலியைத் திரும்பவும் இழுத்து வைத்துக்கொண்டு. "தவிட்டுக்கு வாங்கினேன்."

அதற்கப்புறம் அந்தக் கதை துண்டு துண்டாக வந்தது. எதிர்வீட்டு மாரிமுத்துவின் மனைவி நல்லம்மாளுக்கு முதல் மூன்று பிள்ளைகளும் பிறந்து பிறந்து இறந்தன. நான்காவதாக ராஜு பிறந்ததும், இதுவாவது தங்க வேண்டும் என்று தோட்டத்து மாரியம்மன் கோயில் படியில் குழந்தையைக் கிடத்தினார்கள். வீரம்மா ஒரு முறம் தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டார். இனி அது வீரம்மா பிள்ளை. பெற்றவள் அதை மகனே என்று கூப்பிடக் கூடாது. அது அவளை அம்மா என்று கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால், விட்டுப் போன சாவு திரும்பி வந்து கேட்கும். பல வீடுகளில் இதைச் சடங்கோடு விட்டுவிட்டு, பிள்ளையைப் பெற்றவளே வளர்ப்பாள். நல்லம்மாள் சடங்கோடு விடவில்லை. பிள்ளையை எதிர்வீட்டிலேயே வளரவிட்டு, அவனுக்குப் பதினொரு வயதாகும்போது கண்ணை மூடும்வரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

"நாலு மாசம்!" வெண்டியின் குரல் உயர்ந்துவிட்டது. "நாலு மாசமா உங்க பின்னாடி அலையறேன். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாண்ணே?"

"அம்மா யாருன்னு கேட்டீங்க. அம்மா இவங்கதான்."

"பெத்தவங்க யாருன்னும் கேட்டேன்!"

"அதச் சொல்ல எனக்கு உரிமை இல்ல மிஸி."

"பாட்டி, நீங்களாவது? ரெண்டு வாட்டி ரத்தம் குடுத்தீங்களே!"

"ராஜு அம்மாவ வரச் சொன்னே, வந்தேன். கைய நீட்டச் சொன்னே, நீட்டினேன். அதுல என்னா இருக்கும் என்னா இருக்காதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? படிச்ச பிள்ள நீதானே."

வெண்டி எழுந்து வாசல் குழாயடிக்குப் போய்க் கை கழுவினாள். தண்ணீர் நின்றபிறகும் அங்கேயே நின்றாள். ஒரு முறம் தவிடு. இந்த இருபத்தோராம் நூற்றாண்டில், கோலாலம்பூர் குழுவுக்கு இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? இரண்டு நாளில் இடம் போய்விடும். உள்ளே அந்தப் பெண் நெற்றியில் தையலோடு உட்கார்ந்திருக்கிறாள்.

அப்போதுதான் அவளுக்கு நல்லம்மாளின் நினைவு வந்தது. பத்தடித் தூரத்தில் எதிர்வாசல். தான் பெற்ற பிள்ளை இன்னொருத்தியை அம்மா என்று கூப்பிடுகிறது. அதைப் பதினொரு வருடம் காதால் கேட்டுக்கொண்டு, ஒரு நாளும் வாய் தவறாமல் ஒருத்தி இருந்திருக்கிறாள். அப்படிக் காத்த வாக்கை ஒரு போராங்குக்காக உடை என்றால் அந்த மகன் எப்படி உடைப்பான்? வெண்டிக்குத் தன் கோபம் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. அன்பு எந்த உருவத்தில் வந்தாலும் அதன்முன் சற்றுக் குனிந்துதான் பேச வேண்டும். அவளுக்கு அது தெரியும், நெரிசலில் மறந்திருந்தது.

உள்ளே வந்து, நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள். வெறுந்தாள் ஒன்றை எடுத்தாள்.

"அண்ணே, இந்தப் படத்துல அம்மான்னு எழுத எடமே இல்ல. வட்டம் மட்டுந்தான் போடுவோம். வாங்கி வளர்த்த பிள்ளைக்குன்னு இதுல ஒரு கோடும் இருக்கு. டாக்டருங்க எப்பவோ யோசிச்சு வச்சிருக்காங்க. வளர்த்தவங்களுக்கு விட்டு விட்டுக் கோடு, உடம்பால வந்தவங்களுக்கு முழுக்கோடு."

"எனக்கு ஏன் ஓட்டை ஓட்டையாக் கோடு?" என்றார் வீரம்மா.

"பாட்டி..."

"இல்ல, கேக்கறேன். பீ மூத்திரம் அள்ளினது நான். அம்மை போட்டப்ப பதினெட்டு நாள் வேப்பிலையோட உக்காந்தது நான். எனக்கு முழுசாப் போடக் கூடாதா?"

"சட்டம் அப்படிப் பாட்டி!"

"எந்த மடையன் போட்ட சட்டம்?"

வெண்டி கண்ணை மூடி ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லி முடித்தாள். கண்ணைத் திறந்தபோது தினேஸ்வரி பாட்டியின் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"பாட்டி, அந்தக் கோடு அப்படி இருந்தா என் ஊசி நிக்கலாம்."

வீரம்மா பேத்தியின் நெற்றியைப் பார்த்தார். "அதை மொதல்லயே சொல்றதுக்கு என்னா? போடு பாப்பா. ஓட்டையாப் போடு, கோணையாப் போடு, வேணும்னா எனக்குக் கோடே வேணாம்."

ராஜு மட்டும் வாசற்படியருகே நின்றபடி இருந்தார். "எனக்கு ஒண்ணு ஆனா ஆகட்டும் மிஸி. அதுக்குப் பயப்படல. அவங்க காப்பாத்துனத நான் ஒடைக்கிறதா?"

"ஒடைக்க வேணாண்ணே. சின்ன வயசுல அவங்கள எப்படிக் கூப்பிடுவீங்க?"

"எதிர்வீட்டக்கான்னு."

"அப்படியே சொல்லுங்க. எதிர்வீட்டக்கா உடம்பு எப்படி இருந்துச்சு? அது போதும் எனக்கு."

ராஜு கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். வெண்டி அவசரப்படுத்தவில்லை, அவளுக்கு அது எளிதாக இல்லை.

"ஒல்லியா இருப்பாங்க" என்றார். "நல்லாச் சாப்பிடுவாங்க, ஆனா ஒல்லி. தண்ணி குடிச்சுக்கிட்டே இருப்பாங்க. மரத்துல பால் வெட்டப் போகும்போது எல்லாரும் ஒரு போத்தல் கொண்டு போனா அவங்க மூணு கொண்டு போவாங்க. அவங்க ஒதுங்குற எடத்துல எறும்பு மொய்க்கும். நாங்க பசங்க அதை வேடிக்கை பாப்போம்."

வெண்டியின் பேனா நின்றது. எறும்பு. சிறுநீரில் சர்க்கரை இறங்கியதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"அப்புறம் பால் வெட்டுற கத்தி கால்ல பட்டுச்சு. சின்னக் காயந்தான். ஆறவே இல்ல. முப்பத்து நாலு வயசு. கடைசி மாசம் எழுந்திரிக்க முடியல. தண்ணி கேப்பாங்க. நான்தான் செம்புல கொண்டு போவேன். குடிச்சிட்டு, 'நல்லா இரு, வீரம்மா மவனே'ம்பாங்க. அப்படித்தான் கூப்பிடுவாங்க. எப்பவும் அப்படித்தான்."

வீரம்மா நெத்திலியைப் பார்த்தபடியே, "அவ செம்ப வாங்கறப்ப உன் கையையும் சேத்துப் பிடிப்பா. ஒரு நிமிசம் விடமாட்டா. நான் பாக்காத மாதிரி உள்ள போயிருவேன்" என்றார்.

வெண்டி மேல்வரிசையில் ஒரு வட்டம் போட்டாள். அதைக் கறுப்பாக நிரப்பினாள். அதிலிருந்து ராஜுவின் சதுரத்துக்கு முழுக்கோடு ஒன்றை இழுத்தாள். பக்கத்தில் இன்னொரு வட்டம் போட்டு, அதிலிருந்து புள்ளி புள்ளியாக ஒரு கோடு. புள்ளிகளைக் கொஞ்சம் அழுத்தியே வைத்தாள். விதிகளில் அதற்குத் தடை இல்லை.

ராஜு கையெழுத்துப் போடுமுன் வீரம்மாவைப் பார்த்தார். வீரம்மா, "போடுடா, மீன் காயணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை போராங் போய்ச் சேர்ந்தது. இந்த முறை திரும்பி வரவில்லை. பதினோரு வாரம் கழித்து முடிவு வந்தது. டாக்டர் சந்தேகப்பட்ட அதே மரபணு. அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே எழுத்தில் ஒரே பிழை. தினேஸ்வரிக்கு மாத்திரை தொடங்கி, வாரத்துக்கு வாரம் பார்த்துப் பார்த்து ஊசியைக் குறைத்தார்கள். ஏழாவது வாரம் ஊசியே இல்லை. சர்க்கரை அடங்கி நின்றது. மாத்திரையிலும் சர்க்கரை இறங்கக்கூடும், நேரத்துக்குச் சாப்பிடு என்று வெண்டி அவளிடம் ஒன்பது முறை சொன்னாள். பத்தாவது முறை வாயைத் திறந்தபோது, "அக்கா, நீங்க எங்க பாட்டிய விட மோசம்" என்றாள் அந்தப் பெண். ஆனால் பையைத் திறந்து பிஸ்கட்டைக் காட்டினாள். நெற்றித் தழும்பு மெலிந்திருந்தது. தொழிற்சாலைக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை டாக்டர் அன்றே எழுதிக் கொடுத்தார்.

அன்று மகளோடு வந்திருந்த ராஜு, எல்லாரும் எழுந்தபிறகும் எழுந்திருக்கவில்லை.

"மிஸி, அந்தப் படம் ஒண்ணு எனக்குக் கெடைக்குமா?"

"எந்தப் படம்?"

"வட்டம் போட்டீங்களே."

கோப்பில் உள்ள எதையும் நகலெடுத்துக் கொடுக்கத் தனியாக ஒரு போராங் உண்டு. அதை நிரப்பி, இரண்டு மாடி ஏறி முத்திரை வாங்கி வர வேண்டும். முத்திரைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். நகலெடுக்கும் இயந்திரம் தாளைக் கடித்துக்கொண்டு நின்றது. வெளியே இருபத்துமூன்று பேர் நம்பர் சீட்டோடு காத்திருந்தார்கள். வெண்டி பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு மாடியும் ஏறினாள், இறங்கினாள், இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து தாளை இழுத்தாள், நகலெடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

ராஜு அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் விரல் கறுப்பு வட்டத்துக்குக் கீழே வந்து நின்றது. வட்டத்தைத் தொடவில்லை.

"இவங்ககிட்ட இருந்து எனக்கு ஒண்ணு வந்திருக்கு, இல்ல மிஸி?"

"ஆமாண்ணே."

"எம் மவளுக்கும்."

"ஆமா."

"நோய்தான், தெரியும்." அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இருந்தாலும் வந்திருக்கு."

அப்போது பாதுகாவலர் கதவைத் தள்ளிக்கொண்டு தலையை நீட்டினார். ஆம்புலன்ஸ் வரும் பாதையில் யாரோ தொழிற்சாலை பஸ்ஸை நிறுத்தியிருக்கிறார்களாம், பின்னால் ஆறு கார் நிற்கிறதாம்.

"ஐயோ, அது நம்ம பஸ்தான்!" என்றார் ராஜு.

"அண்ணே!" என்றாள் வெண்டி. "போங்கண்ணே. மொதல்ல போய் பஸ்ஸ எடுங்க!"